கிழக்கேகோட்டை விளக்குக்குக் கோதாவரிக் கரி

கிழக்கேகோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, ஆ. மாதவன் தன் கதைகளில் எழுதிய சாலைக் கடைத்தெருவுக்குள் திரும்பாமல், அதன் பக்கமாகவே ரயில் நிலையத்தின் பின்வாசலை நோக்கிப் போகும் தெருவைப் பிடித்தால் அதற்குப் பவர்ஹவுஸ் ரோடு என்று பெயர். 1929இல் திருவனந்தபுரத்துக்கு முதன்முதலாக மின்விளக்கு வந்தபோது இருந்த மின்நிலையம் கொடுத்த பெயர் அது. மலையிலிருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கப் பள்ளிவாசல் நிலையம் வர இன்னும் 11 வருஷம் இருந்தது. அதுவரை எரிபொருளை வெளியிலிருந்து கொண்டுவந்து ஊருக்கு நடுவிலேயே எரித்தார்கள். அடுப்பும் இங்கே, விளக்கும் இங்கே.

அந்த அடுப்பு அணைந்து பல காலமாயிற்று. இன்று மாலை ஆறரை மணிக்குக் கிழக்கேகோட்டையில் நின்றால் மேத்தன் மணிக்குப் பக்கத்திலும் காந்தி பார்க்கிலும் ஜவுளிக்கடை வரிசையிலும் ஒரே சமயத்தில் விளக்குகள் பூத்துவிடும். புகை என்று பார்த்தால் பஸ்ஸுக்குப் பின்னால் வருவதுதான். கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே நம்ம கரண்டு இடுக்கித் தண்ணீரில் வருகிறது என்று இங்கே பலரும் மனதார நம்புகிறார்கள். இடுக்கியின் முழுத்திறன் 780 மெகாவாட். 2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 5700 மெகாவாட்டைத் தாண்டியது. மாநிலத்தின் நீர்மின் நிலையங்கள் அத்தனையையும் கூட்டினாலும் அதில் பாதியைத் தொடாது. மீதி வெளியிலிருந்து விலைக்கு வருகிறது, அதில் பெரும்பகுதி கரியை எரித்துக் கிடைப்பது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, ஒடிசாவில் தால்சேர், தெலங்கானாவில் ராமகுண்டம் என்று பல அடுப்புகள். கூடங்குளத்தின் அணுமின்சாரமும் உண்டு.

ஒரு குறிப்பிட்ட பல்பு இன்ன ஊர்க் கரியில்தான் எரிகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பல ஊற்றுகள் வந்து சேரும் குளத்தில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டால் அது எந்த ஊற்றின் தண்ணீர்? மின்வலையும் அப்படித்தான். கணக்குமட்டும் துல்லியமாக இருக்கிறது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக 96 பங்கு போட்டு, எந்த நிலையத்திலிருந்து எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கிறது என்று பெங்களூரிலுள்ள தென்மண்டல மின்பகிர்வு மையத்தில் எழுதி வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் கேரளத்தின் பெயருக்கு எதிரே நாற்பது வருஷமாக இருந்துவரும் பெயர்களில் ஒன்று ராமகுண்டம். நான் எழுத வந்தது அந்த ஒரு நிலையத்தைப் பற்றி. அது ஏன் அந்த ஆற்றங்கரையில் இருக்கிறது, அதற்குக் கரி எப்படி வருகிறது, எரிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை இந்த நகரத்தில் ஸ்விட்சைத் தட்டும் எல்லோரும் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் நம்மூர்க் கரியைப் பார்த்துவிடுவோம். ஆம், நம்மூரிலும் கரி உண்டு. திருவனந்தபுரத்துக்கு வடக்கே 40 கிலோமீட்டரில் வர்க்கலைக் கடற்கரைக்குப் போனால் செம்மண் குன்று செங்குத்தாக வெட்டிவிட்டது மாதிரி நிற்கும். மேலே செம்பாறை, அதன்கீழ் வெளுத்த மணற்பாறை, களிமண். கீழ்ப்பகுதியில் சில இடங்களில் கறுப்பாக, உதிரியாக ஒரு பட்டை தெரியும். பழுப்பு நிலக்கரி. கையில் எடுத்தால் மரத்துண்டின் நார்கூடச் சில நேரம் அடையாளம் தெரியும். நடுநடுவே பித்தளை நிறத்தில் இரும்புக் கந்தகக் கட்டிகள். நெய்வேலியில் கிடைப்பதும் பழுப்பு நிலக்கரிதான். ஆனால் அங்கே அது தடித்த படுகையாகப் பல மைல் விரிந்து கிடக்கிறது, இங்கே மெல்லிய கோடாக இழைந்து மறைந்துவிடுகிறது.

இந்த வர்க்கலைப் படிவங்களை ஆராய்ந்து 1882இல் கட்டுரை எழுதியவர் வில்லியம் கிங். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர், பின்னாளில் அதன் இயக்குநரானவர். திருவிதாங்கூரின் பாறைகளைப் பற்றி ஒரு பொதுச் சித்திரம் வரைந்து கொடுத்தவரும் அவரே. அதற்குப் பத்துப் பதினோரு வருஷம் முன்னால், 1871இல், இதே கிங் நிஜாம் சீமையில், பத்ராசலத்துக்கு மேற்கே இல்லந்து என்ற ஊர்ப்பக்கம் அலைந்துகொண்டிருந்தார். அங்கே அவர் கண்டது மெல்லிய கோடல்ல. கோதாவரிப் பள்ளத்தாக்கின் நிலக்கரிப் படுகை. பின்னால் அங்கே வந்த சுரங்கத்தில் ஒரு படுகைக்குக் 'கிங் சீம்' என்றே பெயர் வைத்தார்கள். ராஜா என்று அர்த்தப்படுத்திக்கொள்ள வேண்டாம், அது அந்த ஆளின் பெயர். 1889இல் கரி வெட்டத் தொடங்கினார்கள். பக்கத்துக் கிராமத்தின் பெயரால் 1920இல் அமைந்தது சிங்கரேணி காலரீஸ் கம்பெனி. இன்று தெலங்கானா அரசுக்கு 51 பங்கு, மத்திய அரசுக்கு 49 பங்கு. ஆண்டுக்கு ஏறக்குறைய 7 கோடி டன் கரி எடுக்கிறார்கள்.

ஒரே மனிதர் இரண்டு இடத்தையும் பார்த்தார். ஒன்று சுற்றுலாத் தலமாயிற்று, மற்றொன்று தென்னிந்தியாவின் அடுப்பாயிற்று. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பள்ளம்.

இந்தியாவின் பெரிய நிலக்கரி வயல்களை வரைபடத்தில் ஒருமுறை பாருங்கள். ஜாரியாவும் ராணிகஞ்சும் தாமோதர் ஆற்றோரம். சிங்க்ரௌலி சோன் பள்ளத்தாக்கில். கோர்பா, மகாநதியில் சேரும் ஹஸ்தேவ் கரையில். தால்சேர் பிராமணி ஆற்றில். சந்திரப்பூர் வர்தா பள்ளத்தாக்கில். அங்கிருந்து தென்கிழக்கே இறங்கினால் கோதாவரி நெடுக ராமகுண்டம், பூபாலப்பள்ளி, மணுகூரு, கொத்தகூடம். கரி இருக்கும் இடமெல்லாம் ஆறு இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஏதோ நல்வாய்ப்பு என்று நினைப்பார்கள். தற்செயலாக அமைந்ததல்ல அது.

ஏறக்குறைய 30 கோடி ஆண்டுக்கு முன் இந்தியா இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டிக்கொண்டு தென்துருவத்துக்கு அருகே கிடந்தது. அந்தப் பெருங்கண்டத்துக்குக் கோண்ட்வானா என்று பெயர் வந்தது மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரால். அவர்களுடைய கோண்டி மொழி தமிழுக்கு உறவு, திராவிடக் குடும்பம். ராமகுண்டத்துக்கு வடக்கே அடிலாபாத் காடுகளில் இன்றும் அந்த மொழி பேசுகிறார்கள். அக்காலத்தில் நிலத்தை மூடியிருந்த பனிப்பாறைகள் உருகத் தொடங்கின. உருகிய தண்ணீர் ஓடிய சதுப்புகளில் குளோசொப்டெரிஸ் என்ற மரம் அடர்ந்து வளர்ந்தது, நாக்கு வடிவ இலை, குளிர் வந்தால் இலையுதிர்க்கும் சாதி. சருகும் தண்டும் சேற்றில் விழுந்து, காற்றுப் படாமல் அமுங்கி, கரியாயிற்று.

இத்தனையும் பல இடங்களில் நடந்திருக்கும். மிஞ்சியது எங்கே என்பதுதான் கேள்வி. நிலம் இழுபட்டு விரிசல் கண்ட இடங்களில், இரண்டு பக்கப் பாறைக்கு நடுவே தரை மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. வண்டல் சேரச் சேர இறக்கம், இறங்க இறங்க மேலும் வண்டல். கோதாவரிப் பள்ளத்தில் அப்படிச் சேர்ந்த படிவத்தின் கனம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கிறது. வெளியே மேட்டில் இருந்த கரி கோடிக்கணக்கான வருஷ மழையில் கரைந்து போயிற்று. பள்ளத்துக்குள் இறங்கியது பத்திரமாக இருந்தது. பிறகு, வெகு காலத்துக்குப் பிறகு, இன்றைய ஆறுகள் வந்தன. இரண்டு பக்கமும் கடும்பாறை, நடுவே மென்மையான மணற்பாறை என்றால் தண்ணீர் எதை அறுத்துக்கொண்டு போகும்? பிராண்ஹிதாவும் கோதாவரியும் அந்தப் பழைய பள்ளத்தின் வழியாகவே 400 கிலோமீட்டருக்கு மேல் தென்கிழக்காக ஓடுகின்றன. ஆறு கரியைத் தேடி வரவில்லை, கரியும் ஆற்றைத் தேடி வரவில்லை. இரண்டும் ஒரே பள்ளத்தின் பிள்ளைகள். நம் திருவனந்தபுரம் உட்கார்ந்திருப்பது கொண்டலைட் என்ற கடும்பாறைக் குன்றுகள்மேல். அந்தப் பள்ளம் இங்கே விழவில்லை.

அனல்மின் நிலையத்துக்கு வேண்டியது இரண்டே சாமான்: கரியும் தண்ணீரும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே நிலையம் வைப்பார்கள், மின்சாரத்தைக் கம்பியில் அனுப்புவார்கள். 1975 நவம்பரில் தொடங்கிய தேசிய அனல்மின் கழகம், அதாவது என்.டி.பி.சி., சிங்க்ரௌலி, கோர்பா, ராமகுண்டம் என்று முதலில் கைவைத்த இடங்களெல்லாம் அப்படிப்பட்டவை. ராமகுண்டத்தின் முதல் 200 மெகாவாட் அலகு 1983இல் ஓடத் தொடங்கியது. மூன்று 200, நான்கு 500 என்று வளர்ந்து 2600 மெகாவாட் ஆயிற்று. கரி பக்கத்துச் சிங்கரேணிச் சுரங்கங்களிலிருந்து, தண்ணீர் கோதாவரியிலிருந்து.

அந்த அளவு என்னவென்று மனதில் பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் கணக்கு. அங்கே கிடைக்கும் வகைக் கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 650 கிராம் எரிக்க வேண்டும். 2600 மெகாவாட்டும் ஒரு முழு நாள் ஓடினால் 6 கோடியே 24 லட்சம் யூனிட். கரி 40,000 டன். ஒரு வேகனில் 60 டன் என்று வைத்தால் 670 வேகன், ஒரு நாளைக்கு. ஒரு நாள் வராவிட்டால் கையிருப்பைத் தின்ன வேண்டும், கையிருப்புத் தீர்ந்தால் அலகை நிறுத்த வேண்டும்.

கரி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிலையத்துக்கு அடுத்த ஊருக்குப் பெயரே கோதாவரிகனி. 'கனி' என்றால் சுரங்கம். நம் 'கனிம'த்தில் இருப்பதும் அதே சொல். பழைய சுரங்கங்கள் 'இன்க்லைன்' வகை: படுகையின் சரிவை ஒட்டிச் சாய்வாகத் தோண்டிய பாதையில் தொழிலாளிகள் தலையில் விளக்கோடு இறங்கி நடப்பார்கள். கறுத்த சுவர், காலடியில் ஈரம், மேலே ஆறு ஓடும் நாட்டின் நிலத்தடி நீர். அந்தத் தண்ணீர் எப்போதும் கூடவே இருக்கும் ஆபத்து. 2003 ஜூனில் கோதாவரிகனியின் ஏழாம் எண் சுரங்கத்தில் பக்கத்துப் பழைய குடைவுகளில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து 17 பேர் செத்துப்போனார்கள். அந்த ஜூனில் இங்கே கிழக்கேகோட்டையில் ஒரு விளக்கும் மங்கியிருக்காது.

இப்போது பெரும்பகுதி கரி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. ஒரு டன் கரியைத் தொட ஐந்தாறு கன மீட்டர் மண்ணையும் பாறையையும் முதலில் அள்ளி வேறிடத்தில் கொட்ட வேண்டும். அந்தக் கொட்டல்களே ஊர் ஓரத்தில் மலையாக நிற்கின்றன. மழைக்காலத்தில் பள்ளம் குளமாகிவிடும். 2022 ஜூலையில் பத்ராசலத்தில் கோதாவரி 70 அடியைத் தாண்டியபோது சிங்கரேணியின் திறந்தவெளிச் சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பி வேலை நின்றது. ஈரக்கரி இன்னொரு தொல்லை. நனைந்த கரியும் களிமண்ணும் குழாயில் பிசினாக அப்பிக்கொண்டு இறங்க மறுக்கும். கோடாரித் தைலம் வாங்கக்கூடக் குடை பிடித்து நடக்கும் நம் இடவப்பாதி மழையில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ கம்பியைக் கொண்டு ஈரக்கரியைக் குத்தித் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

சுரங்கத்திலிருந்து நிலையத்துக்கு வரும் ரயிலுக்கு 'மெரி-கோ-ரவுண்ட்' என்று பெயர், திருவிழா ராட்டினத்தின் பெயர்தான். பிரிட்டனில் 1960களில் வந்த முறை. சுரங்கத்தில் ஓர் உயரமான சைலோ, அதாவது கரி நிரப்பிய கோபுரம். ரயில் அதன் வயிற்றுக்கடியில் மனிதன் நடப்பதைவிட மெதுவாக ஊர்ந்துகொண்டே போகும், நிற்காது. மேலிருந்து கரி விழ, வேகன் ஒவ்வொன்றாக நிரம்பும். நிலையத்துக்கு வந்ததும் தண்டவாளத்துக்கு அடியிலேயே நீண்ட குழி. வேகன் அதன்மேல் வந்ததும் காற்றழுத்தத்தில் அடிக்கதவு திறக்கும், 60 டன்னும் இரைச்சலோடு குழிக்குள் இறங்கும், புழுதி மேலே எழும்பும், தண்ணீர் தூவி அமர்த்துவார்கள். காலி ரயில் வளையத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி சுரங்கத்துக்கு. எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை, ஷண்டிங் இல்லை. இந்திய ரயில்வேயின் வழக்கமான தடத்தில் பயணி வண்டிகளோடு மல்லுக்கட்ட வேண்டியதும் இல்லை. நாடெங்கும் கரிக்குத் தட்டுப்பாடு வந்து, 2021 அக்டோபரில் பல நிலையங்களில் நாலு நாள் கையிருப்புக்கு வந்த சமயத்தில், சுரங்கத்தின் வாசலில் இருக்கும் நிலையத்துக்கும் தூர நிலையத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் புரிந்தது.

தூர நிலையத்துக்கு எடுத்துக்காட்டு நம் மேட்டூர். அதுவும் ஆற்றுப் பள்ளத்தாக்குதான், காவிரி. தண்ணீர் இருக்கிறது, ஸ்டான்லி அணை 1934இலிருந்தே இருக்கிறது. கரி இல்லை. ஒடிசாவின் தால்சேர் பக்கத்திலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கே கப்பல், எண்ணூரில் இறக்கம், மறுபடி ரயில், அப்புறம்தான் மேட்டூர். ஒரு துண்டுக் கரி மூன்று முறை ஏறி இறங்குகிறது. அதில் 100 கிலோவில் 35, 40 கிலோ எரியாத மண். எரியாத மண்ணுக்கும் சேர்த்துத்தான் கப்பல் கூலி. அதனால்தான் கரியைச் சுமப்பதைவிட மின்சாரத்தைச் சுமப்பது லாபம் என்று ராமகுண்டம், தால்சேர் போன்ற இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு 1300 கிலோமீட்டருக்கு மேல் நேர்மின்னோட்டக் கம்பி ஓடுகிறது. அதில் வருவதிலும் கேரளத்துக்குப் பங்கு உண்டு.

இந்த எரியாத மண் எங்கிருந்து வந்தது? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஐரோப்பாவின் நல்ல நிலக்கரியில் சாம்பல் பத்துச் சதவீதம் போல. நம் கோண்ட்வானாக் கரியில் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. மரங்கள் நின்ற இடத்திலேயே அமுங்கிப் போயிருந்தால் இவ்வளவு மண் கலந்திருக்காது. அந்தக் காலத்து ஆறுகள் சருகையும் கிளையையும் வாரிக்கொண்டு வந்து, கூடவே வண்டலையும் சேர்த்து, பள்ளத்தில் படியவைத்தன. வண்டல் கரியின் ஒவ்வொரு இழையிலும் நுண்ணியதாகப் புகுந்துவிட்டது. அரிசியில் கிடக்கும் கல் என்றால் பொறுக்கிவிடலாம், இது மாவில் கலந்த மாவு. எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. நாம் சாம்பல் என்கிறோமே, அது 28 கோடி ஆண்டுக்கு முன் ஓடிய ஓர் ஆற்றின் சேறு.

நிலையத்துக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம், பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். கரியை முகப்பவுடர் மாதிரி அரைப்பார்கள், பத்தில் ஏழு பங்கு 75 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும். வெந்நீர்க் குழாய்களால் சுவர் எழுப்பிய பெரிய கூடத்துக்குள் காற்றோடு ஊதினால் அந்தத் தூள் காற்றிலேயே எரிந்து தீரும். 500 மெகாவாட் அலகின் நீராவி 540 டிகிரி வெப்பத்தில் டர்பைனை நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும். அது ஜெனரேட்டரைச் சுற்றும். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை துடிப்பது அந்த 3000ஐ 60ஆல் வகுத்து வந்ததுதான். இதில் நான் கண்டு வியந்தது பாய்லரைத்தான். அதைத் தரையில் ஊன்றி வைப்பதில்லை. பல மாடி உயர இரும்புச் சட்டத்தின் உச்சியிலிருந்து, உறியில் பானை மாதிரி, தொங்கவிட்டிருப்பார்கள். சூடேறினால் இரும்பு நீளும். இவ்வளவு பெரியது ஒரு சாணுக்கு மேல் நீளும். கீழே ஊன்றியிருந்தால் நெளிந்து உடைந்துவிடும். தொங்கினால் தாராளமாகக் கீழ்நோக்கி நீண்டுகொள்ளலாம்.

கரியில் இருந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் மின்சாரமாகிறது. பாதியளவு ஆற்றுத் தண்ணீரோடு போய்விடுகிறது. நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கினால்தான் சுழற்சி நடக்கும், அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். பழைய நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவழிக்கக் கூடாது என்று 2015 டிசம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி போட்டது. கந்தக வாயுவைக் கழுவி எடுக்கும் சாதனம் வைக்க வேண்டும் என்ற விதியும் அதே அறிவிப்பில் வந்ததுதான். அதன் கெடு பலமுறை தள்ளிப்போனது. புகைபோக்கியின் நிழலில் வசிக்கிறவர்களுக்குக் கெடு தள்ளிப்போவது என்றால் இன்னொரு வருஷம் அதே காற்று. இதை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு அலட்சியமாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சாலைத் தெருவுக்குள் ஒரு சந்தில் இஸ்திரி போடும் அண்ணாச்சி ஒருவர் இன்னும் சிரட்டைக்கரிப் பெட்டிதான் வைத்திருக்கிறார். சிரட்டையைச் சுட்ட கரி, கனலும்போது நீலமாக ஒரு சுடர் ஓடும். பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு ஓலைவிசிறியால் நாலு வீசு வீசுவார், சாம்பல் பறக்கும், துணியில் படாமல் தலையைத் திருப்பி ஊதுவார். ஒரு நாள் வேலை முடிந்ததும் பெட்டியைக் கவிழ்த்தால் கைப்பிடிச் சாம்பல். சிரட்டைக்கரியில் மண் மிகக் குறைவு. அவருக்குத் தான் எரித்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று கண்ணால் தெரியும்.

நமக்கு அது தெரிவதில்லை. 75 வாட் மின்விசிறி ஒன்று இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். முழுவதும் கரி மின்சாரம் என்று வைத்துக்கொண்டால் 400 கிராம் கரி, இரண்டு லிட்டர் தண்ணீர், அரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு, 150 கிராம் சாம்பல். ஒரு விசிறிக்கு, ஓர் இரவுக்கு. அண்ணாச்சியின் கைப்பிடிச் சாம்பலைவிட அதிகம். ராமகுண்டம் முழுத் திறனில் ஓடும் நாளில் சாம்பல் 14,000 டன்னுக்கு மேல். ஐந்தில் நாலு பங்கு புகையோடு பறக்கும் நுண்தூள். மின்னேற்றத் தகடுகள் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிடித்துவிடும். பிடித்ததையெல்லாம் எங்கே வைப்பது? பல காலம் தண்ணீரில் கரைத்துச் சாம்பல் குளங்களில் விட்டார்கள். கோடையில் குளம் காய்ந்தால் காற்றில் எழும்பும். பள்ளத்தாக்கு கொடுத்த சேறு பள்ளத்தாக்கிலேயே திரும்பிப் படிகிறது, இந்த முறை காரீயமும் ஆர்செனிக்கும் செறிந்து.

இதற்கு மாற்று வருகிறதா என்றால், வருகிறது. ராமகுண்டம் நிலையத்தின் நீர்த்தேக்கத்திலேயே 2022இல் 100 மெகாவாட் மிதக்கும் சூரியத் தகடுகளை விரித்தார்கள். அதே வருஷம் நம் காயங்குளம் உப்பங்கழியிலும் 92 மெகாவாட் மிதக்கத் தொடங்கியது. ஆனால் அதே ராமகுண்டத்தில் 2023இலும் 2024இலும் புதிதாக இரண்டு 800 மெகாவாட் கரி அலகுகளும் வந்தன. பகலில் சூரியன் போதும் போதும் என்னும் அளவு தருகிறது. கேரளத்தின் தேவை உச்சிக்குப் போவதோ மாலை ஆறுக்குப் பிறகு, இப்போதெல்லாம் ஏ.சி. பெருகியதால் நள்ளிரவு வரைக்கும். சூரியன் வர்க்கலைக் கடலில் இறங்கும் அந்த நேரத்தில்தான் கோதாவரிக் கரையில் அரைவை மில்களுக்குக் கூடுதல் கரி தள்ளச் சொல்லி உத்தரவு போகும். மாலைக்கு வேண்டியதைப் பகலிலேயே சேமித்து வைக்கும் பேட்டரியும், தண்ணீரை மேலே ஏற்றிவைக்கும் அணைகளும் பெருகும்வரை அந்த உத்தரவு போய்க்கொண்டுதான் இருக்கும். பெரிய அணைகள் உள்ள கேரளம் இதில் முந்தியிருக்க வேண்டும் என்பது என் தீராத ஆதங்கம்.

கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லிக்குப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கடந்துதான் போகிறார்கள். வாரங்கல் தாண்டி, காஜிப்பேட்டையிலிருந்து வரும் தடத்தில், கோதாவரிப் பாலத்துக்குச் சற்று முன்னால். உயரமான புகைபோக்கிகள், அவற்றின் உச்சியில் விமானங்களுக்காகச் சிவப்பு விளக்கு. பெட்டியில் பாதிப் பேர் திருவனந்தபுரத்துக்காரர்களாக இருப்பார்கள். யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. ஊரை எட்டிய பிறகு எத்தனையோ நாள் நான் நினைத்துக்கொள்வேன், எங்கள் தெருவிளக்கின் வேர் அங்கே இருந்ததே என்று.

ஆனால் சாம்பலாகிப்போன அந்தப் பழைய ஆற்றுச் சேறு பள்ளத்தாக்குகளிலேயே தங்கிவிடுவதில்லை. அட்டக்குளங்கரைப் பக்கம் போன வாரம் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சிமெண்ட் மூட்டைகள். மூட்டையின்மேல் 'போர்ட்லேண்ட் போஸலானா சிமெண்ட்' என்றும், அதற்குக் கீழே 'ஃப்ளை ஆஷ் பேஸ்டு' என்றும் அச்சிட்டிருந்தது. இந்த வகைச் சிமெண்டில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து முப்பத்தைந்து பங்குவரை அனல்மின் நிலையச் சாம்பல் சேர்க்கலாம் என்பது இந்தியத் தர விதி. இங்கே வரும் சிமெண்டில் பெரும்பகுதி தமிழ்நாட்டு ஆலைகளில் ஆவது, அவற்றுக்குச் சாம்பல் தூத்துக்குடி, மேட்டூர் நிலையங்களிலிருந்து போகிறது, அந்த நிலையங்களுக்குக் கரி ஒடிசாவிலிருந்து வருகிறது. கொத்தனார் ஒரு மூட்டையை வாரியால் கிழித்து மணலில் கொட்டினார். சாம்பல் நிறத் தூள் ஒரு கணம் காற்றில் நின்றது. பையன் ஒருவன் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட, பனிக்காலம் முடிந்த கோண்ட்வானாவில் ஏதோ ஓர் ஆறு சுமந்துவந்த சேறு, மறுபடி சேறாயிற்று.